தராசு அனுப்பிய இலக்கம் எங்கே தொலைகிறது?

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற டிஜிட்டல் தராசில் 18.4 கிலோ என்று தெரிகிறது. தராசின் பின்பக்கத்துச் சீரியல் வயர் வழியாக மைக்ரோகன்ட்ரோலர் என்ற சின்னக் கணினிச் சிப்புக்குப் போய்ச் சேர்ந்த கணக்கோ 8.4. தராசு பழுதில்லை, வயர் அறுந்து கிடக்கவில்லை, ப்ரோகிராமில் கூட்டல் கழித்தல் தப்பவும் இல்லை. வரியின் நடுவிலிருந்து '1' என்ற ஓர் எழுத்து மட்டும் வந்து சேரவில்லை.

தோட்டத்தில் பத்துக் கிலோ என்பது சும்மா விடுகிற கணக்கில்லை. முழுநாள் சம்பளமான முழுப் பேர் விழுமா, பாதிச் சம்பளமான அரைப் பேர் விழுமா என்பதே அதில்தான் இருக்கிறது. 184 என்றோ புரியாத குறி ஒன்றோ பதிவாகியிருந்தால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். கணக்கப்பிள்ளை அதை அடித்துவிட்டுத் திரும்ப நிறுத்திருப்பார். 8.4 அப்படிப்பட்ட எண் இல்லை. கொழுந்து குறைந்த மலையில், மழை பிடித்த நாளில், யாருக்கும் வரக்கூடிய நிறைதான் அது. வயரில் வரும் எழுத்துகள் வாசிக்கப்படும்வரை காத்திருக்கிற இடம்தான் சீரியல் பஃபர்; அதன் கோளாறின் குணமே இப்படித்தான். மெஷினை நிறுத்தாது, எச்சரிக்கை தராது, நம்பும்படியான ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போய்விடும்.

சில தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்தில் எலக்ட்ரோனிக்ஸில் ஆர்வமுள்ள தம்பிகள் கொழும்பு போகும்போது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஆர்டுயினோ யூனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஒன்றை வாங்கி வந்து, தராசோடு இணைத்து, நிறையை எஸ்டி கார்டில் எழுதி எஸ்எம்எஸ் அனுப்பும் பெட்டி செய்வது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. மேசையில் வைத்துப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும். பெட்டி நாலு வேலையைச் சேர்த்துச் செய்யத் தொடங்கிய பிறகுதான் எண் தொலையும். தொலைந்ததும் முதலில் கைவைப்பது பஃபரின் அளவில். 64-ஐ 256 ஆக்கு, அப்புறம் 512 ஆக்கு. இது சில நேரம் உதவும், பல நேரம் நோயை மறைக்கும், ஒரு வகை இழப்பை அறவே தொடாது.

பைட் உள்ளே வருகிற பாதை

தராசு 9600 போட் வேகத்தில், அதாவது செகண்டுக்கு 9600 பிட் வீதம், பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், அதற்கு முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட், ஆகப் பத்து. எனவே ஒரு செகண்டில் 960 பைட். ஒரு பைட் வந்து முடிய 1.04 மில்லி செகண்ட் ஆகும். 16 மெகாஹேர்ட்ஸில் ஓடுகிற சிப்புக்கு அந்த இடைவெளியில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட கிளாக் துடிப்புகள் கிடைக்கின்றன. அவசரமே இல்லாத வேலைதான் இது. பிறகும் ஏன் தொலைகிறது?

யூனோவில் இருக்கிற ஏடிமெகா328பி சிப்பில், பைட் முதலில் ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் பிட் பிட்டாகச் சேர்கிறது. முழுதானதும் பக்கத்திலுள்ள இரண்டு இடங்களில் ஒன்றுக்குப் போகிறது. இரண்டே இடம்தான், கூட இல்லை. யாரும் வந்து எடுக்காவிட்டால் இரண்டும் நிரம்பும். மூன்றாவது பைட் ஷிஃப்ட் ரெஜிஸ்டரிலேயே காத்திருக்கும். நான்காவதின் தொடக்க பிட் வந்ததும் அந்த மூன்றாவதின் மேலேயே எழுதப்பட்டுவிடும். முதல் இரண்டும் பத்திரம், நான்காவதும் வந்து சேரும், நடுவில் ஒன்று மட்டும் இல்லை. 0018.4 என்பது 008.4 ஆக மாறுவதற்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரத்தை யாரும் வேண்டுமென்று கட்ட முடியாது.

இந்த நெருக்கடி புதிதில்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் சீரியல் அட்டையில் இருந்த 8250 சிப், வந்து முடிந்த பைட்டுக்கு ஒரே ஓர் இடம்தான் வைத்திருந்தது. மோடம்களின் வேகம் ஏற ஏற அது போதாமல், 16 பைட் வரிசையுடன் 16550 வந்தது. அதன் முதல் பதிப்பில் அந்த வரிசையே சரியாக வேலை செய்யாமல், 16550ஏ என்ற திருத்தப் பதிப்புத்தான் பரவியது. இன்றைய மைக்ரோகன்ட்ரோலர்களுக்குள்ளும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு: ராஸ்பெரி பை பிக்கோவின் ஆர்பி2040-இல் 32 இடம், ஈஎஸ்பி32-இல் 128. யூனோவுக்கு இரண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஈஎஸ்பி32-இல் ஓடிய ப்ரோகிராமை யூனோவில் போட்டுவிட்டு 'அங்கே வேலை செய்ததே' என்று தலையைச் சொறிவதில் பயனில்லை.

இரண்டு இடத்தை வைத்துக்கொண்டு வாழ முடியாது என்பதால்தான் இன்டரப்ட். ஒரு பைட் முழுதானதும் சிப் கையிலிருக்கிற வேலையைச் சட்டென்று நிறுத்தி, அந்த பைட்டை எடுத்து ராமில் உள்ள ஒரு வட்டப் பஃபரில் போட்டுவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்புகிறது. ஆர்டுயினோ தருகிற அந்தப் பஃபர் 64 இடம் கொண்டது. அதற்கு இரண்டு குறிகள். 'தலை' என்பது அடுத்து எழுத வேண்டிய இடம். அதை நகர்த்துவது இன்டரப்ட் மட்டும். 'வால்' என்பது அடுத்து வாசிக்க வேண்டிய இடம்; அதை நகர்த்துவது உங்கள் ப்ரோகிராம் மட்டும். இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் பஃபர் காலி. அதே காரணத்தால் 64-ஐயும் நிரப்ப முடியாது. முழுதும் நிரம்பினாலும் தலையும் வாலும் ஒன்றாகிவிடும், காலியா நிறைவா என்று பிரித்தறிய வழியிருக்காது. ஆகவே கொள்ளளவு 63.

ஒருவர் எழுத, ஒருவர் வாசிக்க, ஒரு குறியை ஒருவரே நகர்த்த என்ற இந்த ஒழுங்கு இருக்கும்வரை பூட்டு எதுவும் தேவையில்லை. அழகான ஏற்பாடு. இதைக் குலைக்கிற வேலையைப் பெரும்பாலும் நாமேதான் செய்கிறோம், அதைப் பிறகு சொல்கிறேன்.

நிரம்பினால் எது போகும்?

வட்டப் பஃபர் நிரம்பி நிற்கும்போது புதிய பைட் வந்தால் ஒன்றில் பழையதைத் தள்ளிவிட வேண்டும், அல்லது புதியதைக் கைவிட வேண்டும். ஆர்டுயினோ புதியதைக் கைவிடுகிறது. எந்தக் கொடியும் உயர்த்தாது, எதையும் எண்ணி வைக்காது. இதன் விளைவை ஒரு வரியை வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

இப்படிப்பட்ட தராசுகள் அனுப்புகிற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நிறை நின்றுவிட்டதா ஆடுகிறதா என்று சொல்ல இரண்டு எழுத்து, ஒரு கமா, மொத்த நிறையா நிகர நிறையா என்று சொல்ல இரண்டு எழுத்து, இன்னொரு கமா, ஒரு கூட்டல் குறி, பிறகு 0018.4 என்று ஆறு எழுத்து, கிலோவுக்கு இரண்டு, கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக்கு இரண்டு. கூட்டினால் 17 பைட். செகண்டுக்குப் பத்து வரி வீதம் தராசு விடாமல் அனுப்புகிறது என்றால் 170 பைட். 63 இடம் நிரம்ப 0.37 செகண்ட் போதும்.

அந்த நேரத்தில் ப்ரோகிராம் வேறு எங்கோ நின்றுகொண்டிருக்கிறது. 63-இல் மூன்று முழு வரி போக, 12 பைட் மிச்சம். நான்காவது வரி '0018.' என்ற புள்ளியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் காற்றோடு போகும். சில செகண்ட் கழித்து ப்ரோகிராம் திரும்பி வந்து பஃபரை வாரியெடுக்கிறது. இப்போது தராசில் தொங்குவது அடுத்தவரின் கொழுந்து, 21.7 கிலோ. பழைய வரியின் தலையோடு புதிய வரி ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் புதிய வரி தொடக்கத்திலிருந்தே வந்து ஒட்டும். நீளம் 29 ஆகிவிடும். நீளத்தைப் பார்க்கிற ப்ரோகிராம் அதைத் தூக்கி எறிந்துவிடலாம். ஆனால் திரும்பி வந்த கணம் சரியாக அந்த வரியின் கடைசி இலக்கத்துக்கு முன்னால் அமைந்துவிட்டால், '0018.' என்பதோடு '7' ஒட்டி, 17 பைட் நீளத்தில், ஒரு குறையும் சொல்ல முடியாத வரி உருவாகும்: 18.7 கிலோ. ஒருவரின் கிலோ, இன்னொருவரின் தசமம். அப்படி ஒரு நிறை தராசில் எப்போதும் இருந்ததே இல்லை.

ஆகவே பஃபர் நிரம்பியது என்பது தெரிந்த கணத்திலேயே, அடுத்த வரிமுடிவு வரும்வரை உள்ள எல்லாவற்றையும் சந்தேகக் கணக்கில் தள்ள வேண்டும். அதற்கு முதலில் நிரம்பியது தெரிய வேண்டும். ஆர்டுயினோவின் ஆயத்தக் கோட் அதைச் சொல்லாது என்பதால், வாசிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் எத்தனை பைட் காத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 63 என்று வந்தால் நிரம்பியிருக்கிறது. இழப்பு நடந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தத் தொகுதியை முழுதாக வீசிவிடுங்கள். நிறை இன்னும் தராசில்தான் இருக்கிறது, பத்தில் ஒரு செகண்டில் அடுத்த வரி வரப்போகிறது, வீசுவதில் நட்டம் எதுவும் இல்லை.

காத்திருப்புத்தான் நோய்

ப்ரோகிராம் எங்கே போய் நிற்கிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். 'டிலே' என்று எழுதி வைத்த சும்மா காத்திருப்பு முதலாவது. அதைப் பற்றிப் பேசவே தேவையில்லை, எடுத்துவிடுங்கள். இரண்டாவது எஸ்டி கார்ட். கார்டில் எழுதும்போது அது 'பொறு' என்று நிற்க 250 மில்லி செகண்ட் வரை தர விதியே இடமளிக்கிறது. பெரும்பாலும் சில மில்லி செகண்டில் முடிந்துவிடும். எப்போதாவது உள்ளே இடத்தைச் சீர்படுத்த உட்காரும்போதுதான் இழுக்கும். மேசையில் பத்து நிமிடம் பார்த்தால் சிக்காத பேர்வழி அது.

மூன்றாவதுதான் மலையகத்துக்கே உரியது. சிம்800 போன்ற ஜிஎஸ்எம் மொடியூலிடம் எஸ்எம்எஸ் ஒன்றைக் கொடுத்தால், போய்விட்டது என்ற பதில் வர அதன் கையேடு 60 செகண்ட் வரை பொறுக்கச் சொல்கிறது. ஹட்டன் டவுனில் சிக்னல் நன்றாக இருக்கும்போது சில செகண்டில் பதில் வந்துவிடும். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தில் மலை மறைக்கிற பள்ளத்தில் அதே பெட்டி அரை நிமிடம் தொங்கி நிற்கும். வேடிக்கை என்னவென்றால், சிக்னல் இல்லாத இடத்தில் பிழையாவது தராசின் எண். சிக்னலுக்கும் தராசு வயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நினைக்கிறவர் வயரை மாற்றுவார், தராசை மாற்றுவார், கடைசியில் பவர் சப்ளையைத் திட்டுவார். இரண்டையும் இணைப்பது ப்ரோகிராமின் ஒரே ஒரு 'பதில் வரும்வரை பொறு' வரி.

பஃபரின் அளவைக் கணக்கிட ஒரே சூத்திரம்தான்: வருகிற வேகம், பெருக்கல், வாசிக்காமல் இருக்கிற ஆகக்கூடிய நேரம். சராசரி நேரத்தைப் போட்டால் கணக்கு பிழையாகும், ஆக மோசமானதைத்தான் போட வேண்டும். கார்டின் 250 மில்லி செகண்டுக்கு 170-ஐப் பெருக்கினால் 43 பைட், 63 தாங்கும். 5 செகண்ட் காத்திருப்புக்கு 850 பைட். யூனோவின் மொத்த ராம் 2048 பைட் என்பதை நினைத்துக்கொண்டால் இதுவே ஆடம்பரம். 60 செகண்டுக்கு 10,200 பைட். முடியாது, அவ்வளவுதான். மடுவத்தில் கொழுந்து சேர்ந்துகொண்டே இருக்க லொறி வராவிட்டால், கூடுதல் சாக்கு கொண்டுவருவது எவ்வளவு நேரத்துக்கு உதவும்? லொறி எவ்வளவு தாமதமாகும் என்று தெரிந்தவருக்குத்தான் எத்தனை சாக்கு வேண்டும் என்று தெரியும்.

ஆகவே மாற்ற வேண்டியது காத்திருப்பை. எஸ்எம்எஸ் கட்டளையை அனுப்பிவிட்டு, 'இப்போது பதிலுக்காக இருக்கிறேன்' என்று ஒரு மாறியில் குறித்துக்கொண்டு உடனே திரும்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தராசுப் பஃபரை ஒருமுறை வாரி, மொடியூல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்து, நேரம் கடந்துவிட்டதா என்று கடிகார எண்ணைப் பார்த்து நகர வேண்டும். எழுதுவதற்குக் கொஞ்சம் சலிப்பான கோட்தான், ஆனால் ஒருமுறை எழுதிவிட்டால் 64 இடப் பஃபரே தாராளம். வரி முடியும்வரை பொறுத்து வாசிக்கும் ஆயத்த ஃபங்ஷன்களிலும் கவனம் வேண்டும்; ஆர்டுயினோவில் அவை பாதி வரி வந்தால் ஒரு செகண்ட் வரை அங்கேயே நிற்கும் என்பது இயல்புநிலை.

நிறை விஷயத்தில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எல்லா வரியும் நமக்கு எதற்கு? இங்கே தேவைப்படுவது ஆகக் கடைசியாக நின்ற நிறை. பழைய வரிகளைச் சேமித்து வைப்பதால் பயன் ஏதுமில்லை, குழப்பம்தான் மிச்சம். பல தராசுகளில் 'கேட்டால் மட்டும் அனுப்பு' என்ற முறையும் இருக்கும். அதை வைத்துவிட்டால் கேள்விக்கு ஒரு வரி, 17 பைட். பஃபர் நிரம்பும் பேச்சே இல்லை. என் அபிப்பிராயத்தில், தராசின் மெனுவில் இதைத் தேடுகிற ஐந்து நிமிடம், பஃபரோடு மல்லுக்கட்டுகிற ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

பெரிதாக்கியும் தீராத இழப்பு

மேலே சொன்னது ராமில் உள்ள பஃபர் வழிவது. தொடக்கத்தில் சொன்ன 8.4 அந்த வகை இல்லை. அது சிப்புக்குள் உள்ள இரண்டு இடம் போதாமல் நடந்தது. அதாவது இன்டரப்ட்டே பைட்டை எடுக்க வரவில்லை. அதை யாரோ மூடி வைத்திருக்கிறார்கள்.

ஸ்டோரின், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின், வாட்டல் மாடியில் வைக்கிற பெட்டிகளில் இதற்கு ஒரு வழமையான குற்றவாளி உண்டு. கொழுந்தை வாட்டும்போது காற்றின் ஈரப்பதம் பார்க்க வேண்டியிருப்பதால், நிறைப் பெட்டியிலேயே டிஎச்டி22 சென்ஸர் ஒன்றையும் பொருத்திவிடுவார்கள். மலிவு, எங்கும் கிடைக்கும். அது 40 பிட் அனுப்புகிறது. பிட் பூச்சியமா ஒன்றா என்பது துடிப்பின் நீளத்தைப் பொறுத்தது. பூச்சியத்துக்கு ஏறத்தாழ 26 மைக்ரோ செகண்ட், ஒன்றுக்கு 70. ஒவ்வொன்றுக்கும் முன்னால் 50 மைக்ரோ செகண்ட் இடைவெளி. இந்த நுணுக்கத்தை அளக்கும்போது நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது என்று, வழக்கமாகப் பயன்படுத்துகிற லைப்ரரி எல்லா இன்டரப்ட்டையும் மூடிவிடுகிறது. மொத்தத்தில் 3 முதல் 5 மில்லி செகண்ட்.

9600 போட்டில் சிப் தன்னந்தனியாகத் தாங்கக்கூடியது 2 முதல் 3 மில்லி செகண்ட். முதல் பைட் எந்தக் கட்டத்தில் இருந்தபோது கதவு மூடப்பட்டது என்பதைப் பொறுத்து அது கூடும் குறையும். ஆகவே சென்ஸர் வாசிப்பும் தராசின் வரியும் ஒரே நேரத்தில் விழுந்தால் ஓரிரண்டு எழுத்து போவது கிட்டத்தட்ட நிச்சயம். வரி ஒன்றின் நீளம் ஏறக்குறைய 18 மில்லி செகண்ட், செகண்டுக்குப் பத்து வரி. அதாவது ஐந்தில் ஒரு பங்கு நேரம் வயரில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. டிஎச்டி22-ஐ இரண்டு செகண்டுக்கு ஒருமுறை வாசித்தால் நிமிடத்தில் சில வரிகள் அடிபடும். ராமில் 64-க்குப் பதில் 1024 இடம் வைத்தாலும் இந்த எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாது. தொலைந்த பைட் ராம் பக்கமே வந்ததில்லையே.

சிப்புக்கு இது தெரியும். மேலெழுதப்பட்டதும் நிலை ரெஜிஸ்டரில் ஓவர்ரன் பிட்டை உயர்த்துகிறது. டேட்டா ரெஜிஸ்டரை வாசிப்பதற்கு முன்பே அந்தப் பிட்டைப் பார்த்துவிட வேண்டும், வாசித்த பிறகு அதை நம்ப முடியாது. ஆர்டுயினோவின் இன்டரப்ட் கோட் பாரிட்டிப் பிழையை மட்டும்தான் பார்க்கிறது, இதைக் கண்டுகொள்வதில்லை. சொந்தமாக இன்டரப்ட் எழுதுகிறவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், இந்தப் பிட்டைப் பார்த்து ஓர் எண்ணியைக் கூட்டி, அந்த வரியைப் பழுது என்று குறிப்பதுதான்.

சரி, தீர்வு? வரி முடிந்த எழுத்து வந்ததும் அடுத்த வரிவரை 82 மில்லி செகண்ட் அமைதி இருக்கிறது. சென்ஸரை அந்த இடைவெளியில் வாசித்தால் போதும். 5 மில்லி செகண்ட் அதற்குள் தாராளமாக அடங்கும். ஒரு ரூபாய் செலவில்லை. செலவழிக்கத் தயாராக இருந்தால் எஸ்எச்டி31 போல ஐ2சி வழியில் பேசும் சென்ஸர் ஒன்றை வாங்கலாம், அதற்கு இன்டரப்ட்டை மூட வேண்டியதில்லை. வண்ண எல்இடி பட்டிகளும் இதே குற்றத்தைச் செய்கின்றன, ஓர் எல்இடிக்கு 30 மைக்ரோ செகண்ட் வீதம். யூனோவின் ஒரே சீரியல் போர்ட்டைத் தராசுக்குக் கொடுத்துவிட்டு ஜிஎஸ்எம்முக்கு சொஃப்ட்வேர் சீரியல் பயன்படுத்துவதும் அப்படியே: அது ஒரு பைட்டை வாங்கி முடிக்கும்வரை மற்ற இன்டரப்ட்டுகள் வெளியே நிற்கும். 9600-இல் இது ஒரு மில்லி செகண்ட், தப்பிக்கலாம். தராசுப் பக்கம் 115200 என்றால் சிப்பின் பொறுமை 0.2 மில்லி செகண்டைச் சுற்றித்தான், தப்பிக்க முடியாது. நான்கு சீரியல் போர்ட் உள்ள மெகா போர்டுக்கு மாறுவது இங்கே நியாயமான செலவு.

இரண்டு துண்டாக வாசிக்கப்படும் எண்

வட்டப் பஃபரின் ஒழுங்கை நாமே குலைக்கிறோம் என்று சொன்னேன். பஃபரை 512 ஆக்கியவர்களுக்கு இது நேரும். 256 இடம் வரை தலையும் வாலும் எட்டு பிட்டில் அடங்கும். யூனோவில் உள்ள ஏவிஆர் வகைச் சிப் அதை ஒரே கட்டளையில் வாசிக்கும். 512 என்றால் பதினாறு பிட், இரண்டு கட்டளை. தலை 255-இல் நிற்கிறது என்று வையுங்கள். ப்ரோகிராம் கீழ்ப்பாதியை வாசிக்கிறது: 255. சரியாக அந்த இடைவெளியில் இன்டரப்ட் வந்து தலையை 256 ஆக்குகிறது. அதாவது மேற்பாதி 1, கீழ்ப்பாதி 0. திரும்பி வந்த ப்ரோகிராம் மேற்பாதியை வாசிக்கிறது: 1. இரண்டையும் சேர்த்தால் 511. ஒரு கணமும் இருந்திராத எண். அதை நம்பி, வராத 255 பைட்டை வந்ததாக நினைத்துப் பழைய குப்பையை வாசிக்கத் தொடங்கும்.

மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடி, எப்போதோ ஒருமுறை பைத்தியம் பிடிக்கிற பெட்டிகளில் இப்படி ஒன்று ஒளிந்திருப்பது அதிசயமில்லை. அந்த வாசிப்பை மட்டும், சில மைக்ரோ செகண்ட், இன்டரப்ட் மூடிய நிலையில் செய்ய வேண்டும். கூடவே, இன்டரப்ட் தொடுகிற மாறிகளை 'வொலட்டைல்' என்று அறிவிக்காவிட்டால், கம்பைலர் பழைய மதிப்பையே ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு சுற்றும். 256-க்குள் இருப்பவர்களுக்கு முதல் தலைவலி இல்லை, இரண்டாவது உண்டு. 256 என்ற அளவுக்கு ஒரு தனி வசதியும் இருக்கிறது: எட்டு பிட் குறி 255-ஐத் தாண்டினால் தானாகவே பூச்சியத்துக்கு வந்துவிடும், வட்டம் போடத் தனிக் கணக்கு வேண்டாம்.

எஸ்டிஎம்32 என்ற வேறு வகை மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் போனவர்கள் பைட்டுக்கு ஓர் இன்டரப்ட் என்பதையே விட்டுவிட்டு, டிஎம்ஏவை வட்டமாக ஓடவிடுவார்கள். வன்பொருளே ராமில் எழுதிக்கொண்டு போகும்; வயர் அமைதியானதும் ஐடில் இன்டரப்ட் ஒன்று வரும், அதுவே 'ஒரு வரி முடிந்திருக்கலாம்' என்ற சைகை. நல்ல வழி. அங்கேயும் ஓவர்ரன் பிழை ஒன்று வந்து, அதை யாரும் துடைத்துவிடாமல் இருந்தால், பெறுதல் அப்படியே நின்றுபோவதைப் பலர் அனுபவித்திருப்பார்கள். யூனோ ஓர் எழுத்தைத் தின்றுவிட்டுத் தொடரும். எஸ்டிஎம்32-இன் ஆயத்த லைப்ரரி வாயையே மூடிக்கொள்ளும். எனக்குக் கேட்டால் இரண்டாவது நல்லது. நின்றுபோனது தெரியும்.

பழுதான வரியை அடையாளம் காண்பது

இழப்பை முழுதாக நிறுத்த முடியாத இடத்தில், இழப்பைப் பிடிக்கவாவது வேண்டும். ஜிபிஎஸ் மொடியூல்கள் அனுப்புகிற என்எம்ஈஏ வரியின் இறுதியில் ஒரு சரிபார்ப்பு எண் வரும். நடுவில் ஓர் எழுத்து போனால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். தொழிற்சாலைகளில் பயன்படும் மொட்பஸ் சாதனங்களில் 16 பிட் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் இருக்கிறது, இன்னும் இறுக்கம். மலிவான தராசுகளின் வரியில் இப்படி எதுவும் வருவதில்லை. ஆகவே நீளம் 17 தானா, கூட்டல் குறி ஏழாவது இடத்தில் இருக்கிறதா, புள்ளி பன்னிரண்டாவது இடத்திலா என்று பார்க்க வேண்டியது நம் பொறுப்பு. 008.4 வந்த வரி 16 பைட். நீளச் சோதனை ஒன்றே அதை வெளியே தள்ளியிருக்கும். '+' தேடு, அதிலிருந்து எண்ணை எடு என்று எழுதுகிற பழக்கம்தான் அதை உள்ளே விட்டது. அத்தோடு, நின்ற நிறை என்று குறிக்கப்பட்ட மூன்று வரி அடுத்தடுத்து ஒரே எண்ணைச் சொன்னால் மட்டும் பதிவது என்று வைத்துக்கொண்டால், 18.7 போன்ற ஒட்டுவேலையும் நுழையாது. பத்து வரி ஒரு செகண்டில் வரும்போது மூன்று வரிக்காகப் பொறுப்பது யாருக்கும் தெரியாது.

அனுப்புவதையே நாம் தீர்மானிக்கிற இடங்களில் இன்னும் எளிய வழி உண்டு. மழைமானியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதற்குப் பிறகு, மழை அளவு என்பது மலையகத்தில் வெறும் வானிலைச் செய்தியாக இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற படிகளை ஒட்டியவை. மலையில் நிற்கும் மழைமானி கீழே உள்ள பெட்டிக்கு 'இப்போது 2 மில்லிமீற்றர்' என்று அனுப்பினால், தொலைந்த ஒவ்வொரு வரியும் மொத்தத்திலிருந்து 2 மில்லிமீற்றரை என்றென்றைக்குமாகக் கழித்துவிடும். 'இதுவரை 94' என்று கூட்டுத்தொகையை அனுப்பினால், பத்து வரி தொலைந்தாலும் பதினோராவது வரி எல்லாவற்றையும் நேராக்கிவிடும். வரிக்கு ஓர் இலக்கமும் போட்டால், எத்தனை தொலைந்தது என்பதும் கூடவே தெரியும்.

கடைசியாக, எல்லாப் பழியையும் பஃபர் மேல் போடாமலிருக்க ஒரு குறிப்பு. எழுத்து காணாமல் போனால் பஃபர் அல்லது ஓவர்ரன். எழுத்து வேறு எழுத்தாக மாறி வந்தால் பெரும்பாலும் கிளாக். 16 மெகாஹேர்ட்ஸ் ஏவிஆரில் 9600 போட்டின் பிழை 0.2 சதவீதம்தான், 115200-இல் அது இரண்டு சதவீதத்தைத் தாண்டுகிறது. வெளிக் கிறிஸ்டல் இல்லாமல் சிப்பின் உள் ஒஸிலேட்டரில் ஓட்டினால், வெப்பநிலையோடு சேர்ந்து அதுவும் நகரும். மேசையில் ஓடிய பெட்டி நுவரெலியாவின் ஜனவரி விடியற்காலையில் உளறினால் முதலில் பார்க்க வேண்டியது அங்கே.

சோதிப்பதற்குத் தராசு தேவையில்லை. லெப்டொப்பிலிருந்து 17 பைட் வரிகளை, நிறைக்குப் பதில் 0000.1, 0000.2 என்று ஏறுகிற எண்களாக, செகண்டுக்குப் பத்து வீதம் பெட்டிக்குள் விடுங்கள். சென்ஸரும் கார்டும் ஜிஎஸ்எம்மும் எல்லாம் ஓடட்டும். அன்டெனாவைக் கழற்றிவிடுங்கள், பள்ளத்துத் தோட்டம் வீட்டுக்கே வந்துவிடும். பெட்டியில் மூன்று எண்ணிகள் போதும்: ஓவர்ரன் எத்தனை, நீளம் பிழையான வரி எத்தனை, பஃபரில் ஒரே நேரத்தில் ஆகக்கூடியது எத்தனை பைட் காத்திருந்தது. ஒரு இரவு ஓடிய பிறகு மூன்றாவது எண் 20, 30 என்று நின்றால் 64 இடம் போதும். 63-ஐத் தொட்டிருந்தால் எங்கோ ஒரு காத்திருப்பு இன்னும் மிச்சம். அது 63-ஐத் தொடாமல் முதல் எண்ணி மட்டும் ஏறியிருந்தால், இன்டரப்ட்டை மூடுகிற லைப்ரரியைத் தேடுங்கள்.